மூன்றாம் ஓலை

எடம் மாறி உக்காந்தியளே தங்கச்சி, நல்லா இருப்பிய. எனக்குக் காலை வெயில் மூஞ்சில பட்டா அன்னைக்கு முழுக்கத் தலைவலி. இன்னைக்கு எனக்குத் தலைவலி வரக்கூடாது. இன்னைக்கு ஒரு சோலி கெடக்கு. ஒன்பது வருஷமாக் காத்துக்கிட்டிருந்த சோலி.

நீங்க திருச்செந்தூருக்கா? நெத்தியில திருநீறு பாத்தேன், அதான் கேட்டேன். நான் அவ்வளவு தூரம் வரல. பேரின்பபுரத்துக்கு ரோடு பிரியுற வெலக்குல எறங்கிருவேன். அங்ஙன நின்னு எட்டிப் பாத்தாலே கோபுரம் தெரியும். எங்க கோபுரம், உச்சில சிலுவை இருக்கும். நாங்களும் கோயில்னுதான் சொல்லுவோம். ஒன்பதரைக்கு ஆராதனை. பத்து மணி வாக்குல ஐயர் ஓலை வாசிப்பாவ. ஐயர்னா எங்க பாதிரியார். அந்த நேரத்துல நான் எந்திரிச்சு நிப்பேன். அதுதான் சோலி.

ஓலைன்னா ஒங்களுக்குத் தெரியாதுல்லா, சொல்லுதேன். எங்க ஆட்கள்ல கலியாணம்னா சும்மா தேதி வச்சு முடிச்சிர முடியாது. மாப்பிள்ளை ஊர்க் கோயில்லயும் பொண்ணு ஊர்க் கோயில்லயும் மூணு ஞாயித்துக்கிழமை, சபை நெறைய ஆள் இருக்கும்போது ஐயர் ரெண்டு பேரு பேரையும் வாசிப்பாவ. இன்னாருக்கும் இன்னாருக்கும் கலியாணம், இதுக்குத் தடை இருக்குன்னு யாருக்காவது தெரிஞ்சா இப்பமே சொல்லணும்னு கேப்பாவ. முதல் ஓலை, ரெண்டாம் ஓலை, மூணாம் ஓலை. கேட்டுட்டு கொஞ்ச நேரம் பேசாம நிப்பாவ. அந்த நேரத்துல ஒரு இருமல் கூடக் கேக்காது, ஃபேன் சுத்துற சத்தந்தான். யாரும் எந்திரிக்க மாட்டாவ. எங்க அம்மா காலத்துல இருந்து எங்க ஊர்ல யாரும் எந்திரிச்சதில்ல. ஒரு முறைக்குக் கேக்கிறது, அவ்வளவுதான்.

ஒன்பது வருஷத்துக்கு முன்னாடி ஒருத்தி எந்திரிச்சா. என் மக ஓலைக்கு எந்திரிச்சா.

அவ பேரு வயலட். எனக்கு அடுத்த வீடு. அரசாங்க ஆஸ்பத்திரில நர்ஸா இருந்து ரிட்டயர் ஆனவ. நான் தேரிவிளையில முப்பத்துமூணு வருஷம் டீச்சர். சுகிர்தபாய் டீச்சர்னு கேட்டா சின்னப் பிள்ளை கூட வீட்டைக் காட்டும். அவளும் நானும் ஒரே சட்டி மீன் கொழம்புல சாப்பிட்டவங்க. அவ வீட்டுக்காரரு தேவஇரக்கம், ஒரு சமயம் மனசு சரியில்லாமப் போயி ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரில இருந்தாரு. ஊர்ல எல்லார்ட்டயும் பம்பாய்ல வேலைன்னு சொல்லி வச்சிருந்தா. எங்கிட்ட மட்டும் உண்மையைச் சொல்லி என் மடியில தலை வச்சு அழுதா. நான் இன்னைக்கு வரைக்கும் ஒரு ஆள்ட்ட சொன்னதில்ல. ஒங்ககிட்டச் சொல்லலாம், நீங்க வெளியூரு. பொறவு பத்து மணிக்கு எல்லார்ட்டயும் சொல்லப் போறேன்.

அதே மாதிரி என் வீட்டு விஷயம் ஒண்ணு அவளுக்குத் தெரியும். என் மக எப்சிபா, ஒத்தைப் பிள்ளை. அவ அப்பா இறக்கும்போது அவளுக்கு ஆறு வயசு. எட்டு வயசுல ஒருநாள் முத்தத்துல விளையாடிக்கிட்டு நின்னவ அப்படியே விழுந்து, கையும் காலும் இழுத்துக்கிட்டு, வாயில நுரை. வலிப்பு. நான் அலறின அலறல்ல மொதல்ல ஓடி வந்தது வயலட்டுதான், இல்லன்னு சொல்ல மாட்டேன். அவதான் நாகர்கோயில்ல பெரிய டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போனா. மாசாமாசம் மாத்திரை வாங்கி, கறிவேப்பிலைக் கட்டுக்குள்ள சொருகிக் கொண்டு வந்து குடுப்பா. ஊருக்குத் தெரியக்கூடாதுல்லா, பொம்பளைப் பிள்ளை. மாத்திரை தவறாமச் சாப்பிட்டா ஒண்ணும் வராது. பதினேழு வருஷத்துல மொத்தமே நாலஞ்சு தடவைதான் வந்துச்சு.

இருபத்தஞ்சு வயசுல நல்ல எடம் ஒண்ணு அமைஞ்சுது. தூத்துக்குடி மாப்பிள்ளை, துறைமுகத்துல வேலை, குடி கிடையாது, பாடகர் குழுவுல பாடுற பையன். எப்சிபாவைப் பாத்ததும் பிடிச்சுப் போச்சு. வலிப்பு விஷயத்தை நான் அவுககிட்டச் சொல்லல. சொல்லலன்னுதான் சொல்லுதேன், மறைக்கல. மறைக்கிறது வேற, சொல்லாம இருக்கிறது வேற. மாப்பிள்ளையோட அம்மா, பிள்ளைக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லியேன்னு கேட்டாவ. கர்த்தர் கிருபையில நல்லா இருக்கான்னு சொன்னேன். அதுல என்ன பொய் இருக்கு? நல்லாத்தானே இருந்தா. கலியாணத்துக்குப் பொறவு மாத்திரையை நிப்பாட்டிரு, ஒரு பிள்ளை பொறந்தா எல்லாம் சரியாப் போயிரும்னு எப்சிபாட்டயும் சொன்னேன். அவ தலையைக் குனிஞ்சுக்கிட்டா. என் பிள்ளை எதுத்துப் பேசாது.

மூணாம் ஓலை அன்னைக்கு மாப்பிள்ளையோட அம்மாவும் அக்காவும் எங்க கோயிலுக்கே வந்திருந்தாவ. எப்சிபா ஊதா நிறச் சேலை கட்டியிருந்தா. ஐயர் வாசிச்சாவ. தடை உண்டான்னு கேட்டாவ. பேசாம நின்னாவ. ஃபேன் சுத்துச்சு. எனக்குப் பக்கத்துல, என் தோளை ஒட்டி இருந்தவ எந்திரிச்சா. சேலையைச் சரி பண்ண எந்திரிக்கான்னு நெனச்சேன். கையில ஒரு துண்டுச் சீட்டு. கோடு போட்ட நோட்டுல கிழிச்ச தாளு. அதைப் பாத்துப் பாத்து வாசிச்சா.

"எப்சிபாவுக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை சாப்பிடணும், அதை நிறுத்த முடியாது. இது தெரிஞ்சு மாப்பிள்ளை வீட்டார் சம்மதிச்சா சந்தோஷம். தெரியாம இந்தக் கலியாணம் நடக்க வேண்டாம்."

அவ்வளவுதான். உக்காந்துட்டா. சீட்டை நாலா மடிச்சு வேதப்புத்தகத்துக்குள்ள வச்சுக்கிட்டா. மாப்பிள்ளையோட அம்மா எந்திரிச்சு செருப்பைத் தேடுனது இன்னும் என் கண்ணுக்குள்ள நிக்கி. ஆசீர்வாதம் கூறுற வரைக்கும் கூட இருக்கல.

கேட்டுக்கோங்க தங்கச்சி. கோவத்துல வாய் தவறிப் பேசிட்டான்னா நான் மன்னிச்சிருப்பேன். நானும் கோவக்காரிதான். ஆனா அது எழுதி வச்சுப் பேசுனது. முந்தின நாள் உக்காந்து, வார்த்தை வார்த்தையா யோசிச்சு எழுதிருக்கா. அந்தச் சீட்டுதான் என் நெஞ்சுல முள்ளு. வாசல்ல வச்சு அவ கையைப் பிடிச்சேன். ஏன்டி இப்படிச் செஞ்சன்னு கேட்டேன். "சொல்ல வேண்டியது இருந்துச்சு சுகிர்தம்"னா. வேற ஒரு வார்த்தை இல்ல. இந்த ஒன்பது வருஷமும் அதைப் பத்தி வேற ஒரு வார்த்தை இல்ல.

அதுக்குப் பொறவு ரெண்டு எடம் வந்துச்சு. எப்சிபாவே மொத நாளே சொல்லிருவா, எனக்கு வலிப்பு உண்டுன்னு. காப்பி ஆறுறதுக்குள்ள போயிருவாவ. இப்ப அவளுக்கு முப்பத்துநாலு. ஊர்ல பாலர் பள்ளி நடத்துதா. நல்லாத்தான் இருக்கா, சிரிக்கத்தான் செய்யுதா. ஆனா ஒரு கலியாண வீட்டுக்கு நாங்க ரெண்டு பேரும் போயிட்டு வந்தா, அன்னைக்கு வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டோம்.

நான் வயலட்டைத் திட்டல. தலைமுடியைப் பிடிக்கல. தெருவுல நின்னு மண்ணை வாரித் தூத்தல. டீச்சர்ல்லா, எனக்குன்னு ஒரு மரியாதை இருக்கு. எங்கிட்ட அதை விட நல்ல ஆயுதம் இருந்துச்சு. வெள்ளிக்கிழமை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு எங்க வீட்டுலதான் பெண்கள் ஜெபக்கூட்டம். இருபது இருபத்தஞ்சு பேரு வருவாவ. செய்தி குடுக்கிறது நான். வேதத்துல ஒரு கதையை எடுத்து, இதுல இருந்து நாம என்ன படிக்கணும்னு சொல்லணும். அதுல ஒரு வசதி என்னன்னா, செய்தி குடுக்கும்போது யாரும் குறுக்க பேசக்கூடாது. அது சபை ஒழுங்கு. பெயரைச் சொல்ல வேண்டாம். கதையைச் சொன்னாப் போதும், கேக்கிறவளுக்குத் தெரியும்.

மொத வாரமே யூதாஸ். இயேசுவோட ஒரே தட்டுல கையை விட்டுச் சாப்பிட்டவன், அவரையே காட்டிக் குடுத்தான். கூட இருந்து சாப்பிட்டவங்கதான் குழி பறிப்பாங்க சகோதரிகளேன்னு சொன்னேன். அடுத்த வாரம் மிரியாம். தம்பி மோசேயைப் பத்தி நாக்கை நீட்டினா, ஒடம்பெல்லாம் வெண்குஷ்டம். நாக்கால பாவஞ்செய்றவங்களுக்குக் கர்த்தர் குடுக்கிற கூலியைப் பாருங்கன்னு சொன்னேன். சப்பீராள்னு ஒருத்தி, சபையில அப்போஸ்தலன் முன்னாடி வாயைத் திறந்தா, திறந்த எடத்துலயே விழுந்து செத்தா. அவ எதையோ மறைச்சதுக்காகத்தான் செத்தான்னு எங்க பழைய ஐயரம்மா ஒருநாள் எங்கிட்ட மெதுவாச் சொன்னாவ. அது அவுக வியாக்கியானம். வாயைத் திறக்காட்டிச் செத்திருக்க மாட்டால்லா, அது என் வியாக்கியானம்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது ஆமான் கதை. ராஜா அரமனையில பெரிய மந்திரி. மொர்தெகாய்னு ஒரு ஏழை யூதன் தன்னைக் கும்பிடலன்னு, அவனைத் தொங்கவிட ஐம்பது முழத்துக்கு ஒரு மரம் நட்டான். கடைசில ராஜா அந்த மரத்துலயே ஆமானைத் தொங்கவிட்டாரு. வருஷத்துக்கு ரெண்டு தடவை அதைச் சொல்லுவேன். சொல்லும்போது வயலட்டைப் பாக்க மாட்டேன், அவ தலைக்கு மேல செவத்துல இருக்கிற காலண்டரைப் பாப்பேன்.

அவ வரத்தான் செஞ்சா. அதுதான் எனக்கு எரிச்சல். ஒரு வெள்ளிக்கிழமை தவற மாட்டா. மழை பெஞ்சா குடை பிடிச்சு வருவா. நான் சொல்லச் சொல்ல நோட்டுல குறிப்பெடுப்பா. ஒவ்வொரு அடிக்கும் ஆமென் சொல்லுவா, அதுவும் சத்தமா. என் மகளுக்குப் பக்கத்துல பாயில உக்காந்து, அவ கை மேல தன் கையை வச்சுக்கிடுவா. என் மகளும் உருவிக்கிட மாட்டா. செய்த பாவத்துக்கு வேற எப்படித் தடவிக் குடுக்கிறதுன்னு தெரியாம இப்படித் தடவுதான்னு நெனச்சுக்கிடுவேன்.

எப்சிபாவா? அவதான் பாட்டுப் புத்தகம் எடுத்துக் குடுப்பா, பாய் விரிப்பா. செய்தி பாதியில எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிருவா, எல்லாருக்கும் காப்பி போடணும்ல்லா. திரும்பி வரும்போது கண்ணு செவந்திருக்கும். அடுப்புப் புகைன்னு சொல்லுவா. என்ன கேக்கிய? இல்ல, விறகடுப்பு எல்லாம் எப்பமோ போச்சு. கேஸ் அடுப்புதான். பால் பொங்கி வழிஞ்ச புகையா இருக்கும். ஒங்களுக்கு நல்ல கவனம் தங்கச்சி.

சரி, விஷயத்துக்கு வாரேன். போன மாசம் யோனா வந்துச்சு. எந்த வாரம் எந்தப் பகுதின்னு பெண்கள் சங்கத்துல அச்சடிச்சுக் குடுத்துருவாவ, அதை மீற முடியாது. யோனா எனக்குப் பிடிக்காது. அதுல ஆமானும் இல்ல, நாய்களுக்கு எரையான யேசபேல் ராணியும் இல்ல. மீன் மட்டுந்தான் இருக்கு. கதை என்னன்னா, நினிவேன்னு ஒரு பொல்லாத பட்டணம். யோனாவுக்கு அவங்களைக் கண்டாலே ஆகாது. அங்க போயி, ஒங்களுக்கு அழிவு வருதுன்னு சொல்லுன்னு கடவுள் அவனை அனுப்புதாரு. அவன் எதுத்த திசையில கப்பல் ஏறிட்டான். புயல் அடிச்சுது, அவனாலதான்னு கடல்ல தூக்கிப் போட்டாங்க, மீன் முழுங்குச்சு, மூணு நாள் கழிச்சுக் கரையில கக்குச்சு. பொறவு வேற வழியில்லாமப் போயிச் சொன்னான். பட்டணமே மனந்திரும்பி அழுதுச்சு. கடவுளும் மன்னிச்சுட்டாரு. மூணு அதிகாரம். அதோட முடிச்சு, ஜெபம் பண்ணுவோம்னு சொன்னேன்.

அப்பதான் ஒன்பது வருஷத்துல மொத தடவையா, ஆமென் தவிர வேற ஒண்ணுக்கு வயலட் வாயைத் திறந்தா. "நாலாம் அதிகாரத்தையும் சொல்லிருங்க டீச்சர்"னா. எல்லார் முன்னாடியும். சுகிர்தம்னு கூப்பிட்டவ, டீச்சர்ங்கா. நேரமாச்சுன்னு சொல்லி நான் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பிச்சுட்டேன்.

நாலாம் அதிகாரத்துல என்ன இருக்குன்னா கேக்கிய? ஒண்ணும் பெருசா இல்ல. கடவுள் மன்னிச்சது யோனாவுக்குப் பிடிக்கல. எரிச்சல். ஊருக்கு வெளிய போயி, இந்த ஊரு என்ன ஆகுதுன்னு பாப்போம்னு உக்காந்திருந்தான். வெயிலு. கடவுள் ஒரு ஆமணக்குச் செடியை முளைக்க வச்சு நெழல் குடுத்தாரு. ரொம்பச் சந்தோஷப்பட்டான். மறுநாள் ஒரு பூச்சி அரிச்சுச் செடி பட்டுப் போச்சு, மறுபடியும் வெயில். சாவே மேல்னு கோவப்பட்டான். நீ இப்படி எரிச்சலாயிருக்கிறது நல்லதான்னு கடவுள் கேட்டாரு. நல்லதுதான்னு அவனும் சொன்னான். அவ்வளவுதான். ஒரு செடிக்காக நீ இரங்குதியே, இத்தனை சனம் உள்ள பட்டணத்துக்காக நான் இரங்கக்கூடாதான்னு கடைசியில கடவுள் ஒரு கேள்வி கேக்காரு, புத்தகம் அதோட நின்னு போச்சு. அவன் என்ன பதில் சொன்னான்னு கூட எழுதல. பாதியில நிக்கிற கதையில இருந்து என்னத்தைப் படிக்கிறது?

அடடா, பஸ்ஸு கிழக்க திரும்பிட்டான். இப்ப வெயில் நேரா கண்ணுல அடிக்கி. எந்தப் பக்கம் உக்காந்தாலும் இதே கதைதான். பொறுங்க, இந்தக் கவரால மறைச்சுக்கிடுதேன்.

இந்தக் கவரா? சொல்லுதேன். பத்து நாளைக்கு முன்னாடி வயலட் எங்க வீட்டுக்கு வந்தா, மகன் பிரைட்சனைக் கூட்டிக்கிட்டு. கலியாணப் பத்திரிகை. பொண்ணு பேரின்பபுரம். பிரைட்சன் நான் அ ஆ சொல்லிக் குடுத்தவன், நல்ல பையன், காலைத் தொட்டான். காப்பி குடுத்தேன். அவளுக்குச் சீனி போடல. ஒரு சொட்டு மீதி வைக்காமக் குடிச்சுட்டு, நல்லாருக்கு சுகிர்தம்னா.

பொண்ணு வீட்டுல எல்லாம் சொல்லிட்டியான்னு கேட்டேன், சும்மா கேக்கிற மாதிரி. அவளுக்குப் புரிஞ்சுது. "எல்லாம் சொல்லிட்டோம், அவரு ஆஸ்பத்திரில இருந்தது, இப்பவும் மாத்திரை சாப்பிடுறது, எல்லாம்"னா. நம்பவா முடியும்? யாரு தங்கச்சி சொல்லுவா, பெத்த மகன் வாழ்க்கையில மண்ணைப் போடுற மாதிரி? நான் டீச்சர், பிள்ளைக பொய் சொன்னா மூஞ்சியப் பாத்துக் கண்டுபிடிச்சிருவேன். அவ மூஞ்சியில ஒண்ணும் தெரியல. அதுதான் சந்தேகம். போகும்போது எப்சிபாவைத் தனியாக் கூப்பிட்டு, கையில எதையோ வச்சு மூடினா. மாத்திரைச் சீட்டா இருக்கும்னு விட்டுட்டேன்.

அன்னையில இருந்து பத்து நாளா, கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாக்கேன். மாப்பிள்ளையோட அப்பா ரெண்டு வருஷம் மனநல ஆஸ்பத்திரில இருந்தவரு, பம்பாய்ல இருந்தாருன்னு சொன்னது பொய், இது தெரியாம இந்தக் கலியாணம் நடக்க வேண்டாம். கடைசி வரி அவ சொன்னதேதான். வேணும்னே அப்படியே எடுத்துக்கிட்டேன். அவ நட்ட மரத்துலயே அவளைத் தொங்கவிடணும். இன்னைக்குப் பொண்ணு ஊர்ல மூணாம் ஓலை, வயலட்டும் அங்க வந்திருப்பா; எனக்கு நடந்த மாதிரியே அவளுக்கும் நடக்கணும். சம்பந்தி எந்திரிச்சுச் செருப்பைத் தேடணும், அதை அவ பாக்கணும். பிரைட்சனை நெனச்சா ஒரு மாதிரி இருக்குதான். என் பிள்ளையை நெனச்சு யாருக்கு ஒரு மாதிரி இருந்துச்சு?

எப்சிபாட்ட நான் எங்க போறேன்னு சொல்லல. அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. காலைல எந்திரிச்சா, நான் கட்டப் போற சேலை இஸ்திரி போட்டு மடிச்சு இருக்கு. செருப்பைத் தொடச்சு வச்சிருக்கா. வாசல் வரைக்கும் வந்து, இந்தக் கவரைப் பைக்குள்ள வச்சா. "கோயிலுக்குள்ள போறதுக்கு முன்னாடி இதைப் பிரிச்சுப் பாருங்கம்மா. பாத்துட்டு ஒங்களுக்கு எப்படித் தோணுதோ அப்படிச் செய்யுங்க"ன்னா. கெஞ்சி லெட்டர் எழுதியிருப்பா. வயலட் அத்தையை விட்டுருங்கம்மான்னு. அவளுக்கு ரோஷமே கிடையாது, அவ அப்பா மாதிரி. நான் பிரிக்கப் போறதில்ல. பிரிச்சா மனசு எளகிரும், எனக்கு என்னைத் தெரியும். விசிறியாத்தான் வச்சிருக்கேன், காலைல இருந்து.

ரயில்வே கேட்டைப் போட்டுட்டானா? போச்சு. மணி என்ன? ஒன்பது பத்தா. நேரம் இருக்கு. கேட்டுக்கு அந்தப் பக்கம் ரெண்டாவது ஸ்டாப்தான் வெலக்கு.

நீங்களும் அந்தக் கவரையே பாக்கிய. பிரிச்சாத்தான் என்னன்னு ஒங்க மூஞ்சியில எழுதியிருக்கு. சரி, பிரிக்கேன். பிரிச்சா மட்டும் என்ன ஆயிரப் போவுது? நான் எடுத்த முடிவு எடுத்ததுதான். ஒரு லெட்டருக்கு எல்லாம் மாறுற ஆளு நான் இல்ல. கண்ணாடியை எடுத்துக்கிடுதேன்.

லெட்டர் இல்ல. பழைய தாளு. கோடு போட்டது.

இது அந்தச் சீட்டு தங்கச்சி. அவ கையில வச்சிருந்தது. நாலா மடிச்ச தடம் அப்படியே இருக்கு பாருங்க, மடிச்ச எடத்துல எல்லாம் பழுத்துப் போயி. இதைத்தான் அன்னைக்கு எப்சிபா கையில வச்சு மூடிருக்கா. சீட்டை என் வீட்டுக்கே கொண்டு வந்துருக்கா, என்ன நெஞ்சழுத்தம்.

பொறுங்க.

இது வயலட்டு எழுத்து இல்ல. வயலட்டு குண்டு குண்டா எழுதுவா. இது சாஞ்ச எழுத்து. கோட்டுல நிக்காம மேல ஏறிப் போகுது. இந்த எழுத்துக்கு நான் ஸ்கேலால கையில அடிச்சிருக்கேன். மூணாம் கிளாஸ்ல, என் கிளாஸ்லயே, எத்தனை அடி. கோட்டுல எழுது எப்சி, கோட்டுல எழுதுன்னு.

"அத்தை, எனக்கு எந்திரிச்சுச் சொல்லத் தைரியம் இல்லை. நீங்க எனக்காக வாசிங்க. மாத்திரையை ஒளிச்சு வச்சுக்கிட்டு ஒரு வீட்டுல வாழ எனக்குப் பயமா இருக்கு. நிறுத்தினா செத்துப் போவேன்னு பயமா இருக்கு. அம்மாகிட்ட எப்படிச் சொல்லணும்னு தெரியலை. நான்தான் எழுதினேன்னு அம்மாவுக்கு எப்பவும் சொல்லாதீங்க, அவங்க தாங்க மாட்டாங்க. இதுக்குக் கீழ உள்ளதை மட்டும் வாசிங்க. எப்சிபாவுக்குச் சின்ன வயசுல இருந்து வலிப்பு உண்டு. தினமும் மாத்திரை சாப்பிடணும், அதை நிறுத்த முடியாது..."

மிச்சம் ஒங்களுக்கே தெரியும். நான் சொன்னேன்ல்லா. வார்த்தை மாறாமச் சொன்னேன்.

வார்த்தை வார்த்தையா யோசிச்சு எழுதினது என் பிள்ளை.

கொஞ்சம் தண்ணி குடுங்க தங்கச்சி. இல்ல, தலைவலி இல்ல.

அந்த வயலட் சொல்லியிருக்கலாம்ல்லா. ஒருநாள், ஒரே ஒருநாள், நான் இல்லடி சுகிர்தம், ஒன் மகதான்டின்னு சொல்லியிருக்கலாம். ஒன்பது வருஷம் என்னைப் பேச விட்டுட்டாளே. குடை பிடிச்சு வந்து உக்காந்து பேச விட்டுட்டாளே. என்னை மன்னிக்க இவ யாரு? யாரு கேட்டா இவகிட்ட? எனக்கு இப்பதான் அவ மேல உண்மையாவே கோவம் வருது. இந்தக் கோவம் நியாயந்தான். நீங்க என்ன சொன்னாலும் நியாயந்தான்.

யூதாஸ்னு சொன்னேன். குஷ்டம் வரும்னு சொன்னேன். வாயைத் திறந்த எடத்துல விழுந்து செத்தான்னு சொன்னேன். விழுந்துன்னு சொல்லும்போது கையைத் தரையில தட்டிக் காமிப்பேன். விழுற பிள்ளை அது. பாயில எனக்கு நேரா உக்காந்திருக்கும். வயலட்டு தலைக்கு மேல காலண்டரைப் பாத்துப் பேசுனேனே தவிர, பக்கத்துல இருந்த பிள்ளையைப் பாக்கல. வயலட்டு ஆமென் சொல்லச் சொல்ல எல்லாரும் வயலட்டையே பாப்பாவ. என் பிள்ளையை ஒருத்தரும் பாக்கல.

கேஸ் அடுப்புல எங்க தங்கச்சி புகை வரும்? நீங்க ஒரு தடவை கேட்டதுமே பிடிச்சுட்டிய. நான் ஒன்பது வருஷம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை அந்தக் காப்பியை வாங்கிக் குடிச்சேன்.

கேட்டைத் திறந்துட்டான். பஸ்ஸு நகருது. இல்ல, டிரைவரை நிப்பாட்டச் சொல்லாதிய. எனக்கு ஒண்ணும் இல்ல. எதுத்தாப்ல வர்ற பஸ்ஸுல ஏறி வீட்டுக்குப் போயிரலாந்தான். போயி எப்சிபா மூஞ்சியில எப்படி முழிக்கிறது? கடைசி வரைக்கும் இதே பஸ்ஸுல இருந்து ஒங்க கூட திருச்செந்தூர்ல எறங்கி, கடலைப் பாத்துட்டு உக்காந்துரலாம்னு கூடத் தோணுது. அதுவும் ஒருத்தன் செஞ்சு பாத்ததுதான். மீனு வந்து முழுங்கினாத்தான் உண்டு.

பத்து நாளா மனப்பாடம் பண்ணினதுல ஒரு வார்த்தை ஞாபகம் இல்ல.

அந்தா, மணி அடிக்காவ. ஒங்களுக்குக் கேக்குதா? கண்டக்டர் வெலக்குன்னு சத்தம் குடுக்கான். காலைக் கொஞ்சம் ஒதுக்குங்க தங்கச்சி. பையை எடுத்துக் குடுங்க. கவர் கெடக்கட்டும், தாளு எங்கிட்ட இருக்கு.

எதுக்குப் போறேன்னு கேக்காதிய, எனக்கே தெரியல. ஆனா நான் வாரேன்னு வயலட்டுக்குத் தெரியும். என்னத்தைச் சொல்லணும்னு வாரேன்னும் தெரியும், இத்தனை வருஷம் அடுத்த வீட்டுல இருந்தவ. முன் வரிசையிலதான் இருப்பா. என்னைக் கண்டதும் நகந்து எடம் ஒதுக்குவா, பாவி.